கோமதி சிரிக்கக் கூடாது

ஜூன் 4, செவ்வாய்

கோமதியை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. காரிலிருந்து கட்டில் வரை நடப்பதற்குள் அவளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. வயிற்றில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தையல். கர்ப்பப்பையோடு சேர்த்துக் கட்டியையும் எடுத்துவிட்டார்கள். கட்டி பரிசோதனைக்குப் போயிருக்கிறது, ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகுமாம்.

எங்கள் மகள் வடிவு மாலை விமானத்தில் புனேவுக்குத் திரும்பிவிட்டாள். கிளம்பும்போது இந்த டைரியைக் கையில் திணித்து, "அப்பா, அம்மாவுக்கு எந்த மாத்திரைய எப்போ குடுத்தீங்கன்னு இதுல எழுதுங்க. வேற எதையும் எழுதாதீங்க" என்றாள். அப்பனை நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாள். ஆனால் வசனம் எழுதிப் பிழைத்த கை மாத்திரைப் பெயரோடு நிற்குமா?

டாக்டரம்மா ஒரு பட்டியலே சொல்லி அனுப்பினார். குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, இருமல் வந்தால் வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், உங்க காமெடிப் படமெல்லாம் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு ஒன்றரை மாசத்துக்கு அம்மாவைச் சிரிக்க வைக்காதீங்க. தையல் தாங்காது."

வாழ்க்கையில் எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே காரியத்துக்குத் தடை உத்தரவு. என் கடைசி இரண்டு படங்களைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால், அந்தப் பயமே வேண்டாம் டாக்டர், ஆவுடையப்பன் படத்துக்கு இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை என்று தைரியம் சொல்லியிருப்பார்கள்.

இரவு மாத்திரை இரண்டும் கொடுத்தேன்.

ஜூன் 5, புதன்

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. கோமதி ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். இந்தக் குரல் எனக்குத் தெரியும். என் நாலாவது படத்தின் முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் எல்லோரும் இதே குரலில்தான் சொன்னார்கள்.

தயாரிப்பாளர் ஜெபராஜ் போன் செய்தார். "சார், ஹீரோ செகண்ட் ஹாஃப் கேக்குறாரு. எப்போ வரலாம்?" கோமதிக்கு உடம்பு தேறட்டும் என்றேன். அம்மா உடம்புக்கும் செகண்ட் ஹாஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. சொன்னாலும் நம்பமாட்டார்.

சம்பந்தம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் வடபழனியில் குடியிருந்த போர்ஷனில் அடுப்படி ஓர் ஆள் நிற்கிற அகலம்தான். நான் அப்போது உதவி இயக்குநர். நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு அவள் முதுகைப் பார்த்துத்தான் கதை சொல்ல முடியும். முதல் படக் கதை, டவுன் பஸ்ஸில் பெண் பார்க்கப் போகிற குடும்பத்தின் கதை, அப்படிச் சொன்னதுதான். அந்தப் படம் நூறு நாள் ஓடியது. பிறகு சாலிக்கிராமத்தில் இந்த வீடு கட்டி, நாலு பேர் நடனம் ஆடுகிற அளவுக்குச் சமையலறை வைத்தும் பழக்கம் போகவில்லை. அவள் அடுப்பைப் பார்த்து நிற்பாள், நான் முதுகைப் பார்த்துச் சொல்வேன். தோள் குலுங்கினால் காட்சி தேறிவிட்டது. அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள் என்றால் அந்தக் காட்சியை வெட்டிவிட வேண்டியதுதான். மேடையில் கை தட்டுகிறவன் பொய் தட்டலாம், கோமதியின் முதுகு பொய் சொல்லாது.

ஜூன் 7, வெள்ளி

மதியம் டிவியில் என் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டு நாயை மாப்பிள்ளை என்று நினைத்து இருட்டில் கும்பிடுகிற இடம். சமையலறையிலிருந்து ஓடி வந்து அமர்த்தினேன். அதற்குள் கோமதி தலையணையைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, தையல் இழுக்கு, இழுக்கு" என்று சிரித்துக்கொண்டே வலியில் முனகினாள்.

ரிமோட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். அவளுடைய அக்கா சங்கரன்கோவிலிலிருந்து போன் செய்தாலும் நானே வாங்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அந்த மதினி வாயைத் திறந்தால் என் படமெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

பீர் முகமது பார்க்க வந்தான். என் எல்லாப் படத்திலும் இருக்கிறவன். ஊர் மேலப்பாளையம், கோமதியை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். அவன் முகத்தைப் பார்த்தாலே தியேட்டரில் சிரிப்பு வந்துவிடும். அதனால் வாசலிலேயே மறித்து, "பீரு, உள்ள போய் வாயத் தொறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினேன்.

நல்ல பிள்ளையாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"என்ன பீரு, சொகமா இருக்கியா?" என்றாள் கோமதி.

தலையை ஆட்டினான்.

"வீட்டுல எல்லாரும் நல்லாருக்காவளா?"

தலையை ஆட்டினான்.

"காப்பி குடிக்கியா?"

என்னைப் பார்த்தான். கோமதியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்து, ரகசியமாக, "அண்ணே, இதுக்குத் தலைய ஆட்டலாமா, காப்பி வேணும்னு வாயால சொல்லணுமா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். தலையணையைத் தேடுவதற்குள் கோமதி துடித்துப்போனாள். அவனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். திட்டுவதற்கு வாயெடுத்தால், கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவன் அழுதுகொண்டிருக்கிறான். "அண்ணி மொகத்துல ரத்தமே இல்லயேண்ணே" என்றான். ஆப்பிள் பை இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

வலிக்கு ஒரு மாத்திரை அதிகம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

ரிப்போர்ட் வரவில்லை. அவரைக்காய் நன்றாக வந்தது.

ஜூன் 13, வியாழன்

ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். டாக்டரம்மா உட்காரச் சொல்லிக் கொஞ்ச நேரம் பேசினார். அவர் மேசையில் கண்ணாடியில் செய்த பேப்பர் வெயிட் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு சிவப்பு மீன். ஒரு செதில் விடாமல் செய்திருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் காரை எங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது. வடிவிடம் போன் பேசினேன். வரும் வழியில் காய்கறி வாங்கினேன். கோமதி முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்லியிருந்தாள், முள்ளங்கி வாங்கி வந்திருக்கிறேன்.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம் என்று கோமதியிடம் சொன்னேன். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்று கோமதிக்கு ரோஜா மாலைக் காட்சியைச் சொன்னேன். டாக்டர்கள் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டித்தான் சொல்வார்கள். கொஞ்சம் சிரித்தால் ஒன்றும் ஆகிவிடாது.

புதுப் படத்தின் ஹீரோ கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். ஒருநாள் மேனேஜர் திடீரென்று லீவு. அவருடைய அப்பா ஏற்கனவே உடம்பு முடியாதவர், ஆகவே பெரியவர் போய்விட்டார் என்று அலுவலகமே முடிவு கட்டுகிறது. முதல் ஆளாகப் போய் நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று நம் ஆள் ஒரு பெரிய ரோஜா மாலையோடு ஆட்டோவில் போய் இறங்குகிறான். கதவைத் திறப்பது அந்தப் பெரியவர். மகன் பல் பிடுங்கப் போயிருக்கிறான்.

நான் கட்டில் பக்கத்தில் நின்று இரண்டு பேராகவும் நடித்துக் காட்டினேன்.

"மாலை யாருக்குப்பா?"

"உங்களுக்குத்தான் ஐயா."

"எனக்கு எதுக்கு?"

"சும்மா... ஒரு மரியாதைக்கு."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் கழுத்தில் மாலையே விழுந்ததில்லை. கண் கலங்கிவிடுகிறது. மாலையைப் போட்டுக்கொண்டு அவனை உட்கார வைத்துக் காபி கொடுக்கிறார். பின்னாலேயே ஒவ்வொருவராக மாலையோடு வருகிறார்கள். பெரியவர் மூக்கு வரை பூ. கடைசியாகக் கேஷியர் தெருமுனையிலிருந்தே நெஞ்சில் அடித்துக்கொண்டு வருகிறார். பெரியவர் எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்து, "அழாத தம்பி, என்ன கஷ்டம் உனக்கு?" என்று தேற்றுகிறார்.

"போதும்ங்க, தையல் இழுக்கு" என்றாள் கோமதி. தலையணையைப் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கேஷியர் மூக்கைச் சிந்துகிற விதத்தையும் செய்து காட்டினேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

மேனேஜர் வீங்கின கன்னத்தோடு வந்ததும் எல்லோரும் தலைதெறிக்க ஓடுகிறார்கள், அதோடு காட்சி முடிகிறது என்றேன்.

"ஓட விடாதீய" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "கடசி வார்த்த அந்தப் பெரியவருக்குத்தான வரணும்? எல்லாரும் செருப்ப மாட்டுதப்ப அவரு வாசல் வரைக்கும் வந்து, 'நாளைக்கும் வருவியளா?'ன்னு கேக்கணும்."

இத்தனை வருடமாக என் பெயரைத்தான் திரையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் வரவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஜூன் 15, சனி

பீருவை நானே கூப்பிட்டேன். "வாடா, அண்ணிக்குப் பொழுது போகல. அந்த போலீஸ்காரன் ஐட்டத்தப் பண்ணு" என்றேன்.

"அண்ணே, போன வாரம் தலையாட்டுனதுக்கே தொரத்துனீங்க" என்று முழித்தான். பிறகு செய்தான். காலையில் என் பழைய படம், மதியம் பீரு, சாயங்காலம் நான். கோமதி நன்றாகச் சிரித்தாள்.

இருட்டிய பிறகு சிரிக்கவில்லை. நான் நடித்துக்கொண்டிருக்கும்போது கையை மார்பில் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்சியில் ஏதோ கோளாறு. நாளை திருத்தி வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

திருத்தத் தேவை இருக்கவில்லை.

காலையில் காபி கொடுத்தேன். டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வியாழக்கெழம டாக்டரம்மா என்ன சொன்னா?" என்றாள்.

"அதான் சொன்னேன்ல, எல்லாம் நல்லபடியா..."

"போதும், நிறுத்துங்க. சிரிக்கப்படாதுன்னு அந்தம்மா சொல்லிச்சு. நீங்க டிவிய அமத்துனீய. எங்க அக்கா போனப் புடுங்குனீய. பீரு வாயக் கட்டி உள்ள விட்டீய. வியாழக்கெழம ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்தீய. வெள்ளிக்கெழமைல இருந்து என்னயப் போட்டு விழுந்து விழுந்து சிரிக்க வைக்கீய. ஏங்க, தையல் பிரிஞ்சா இனிமே என்ன போச்சுன்னு ஆயிட்டுதா?"

முப்பது வருடம் மற்றவர்கள் வாயில் வசனம் வைத்தவன், "காப்பி ஆறுது" என்றேன்.

"யாருட்டயாவது சொன்னீயளா?"

"வடிவுட்ட மட்டும்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நோய்க்கு வராத கோபம். "ஒத்த வரிக் கதன்னாலும் மொதல்ல எங்கிட்டத்தான் சொல்லுவீய. தயாரிப்பாளரு, ஹீரோ எல்லாரும் அதுக்கப்புறந்தான். இது என் கத. இத எப்படி மொதல்ல இன்னொருத்திட்ட சொன்னீய? அவ நம்ம புள்ளையாவே இருக்கட்டும்."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாங்கப் போன என் கையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்கு நடந்தாள். அடுப்பு எரியவில்லை, மேலே பாத்திரமும் இல்லை. அதன் முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

நிலைப்படியில் நின்று சொல்ல ஆரம்பித்தேன். டாக்டரம்மா உட்காரச் சொன்னது, அறையில் ஏசி சத்தம், பேப்பர் வெயிட், அதற்குள் இருந்த மீன்.

"மீனெல்லாம் எதுக்கு? விஷயத்துக்கு வாங்க."

விஷயத்துக்கு வந்தேன். அது நல்ல கட்டி இல்லை என்றேன். வயிற்றுக்குள் வேறு இடத்திலும் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை, கீமோ கொடுக்க வேண்டும், கொடுத்துப் பார்த்துத்தான் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியுமாம் என்றேன். சொல்லும்போது பழக்க தோஷத்தில் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் அசையவில்லை. அவள் கை மட்டும் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தது.

"இத வெட்ட முடியாது கோமதி" என்றேன்.

"தெரியுது. கைதான் அது பாட்டுக்குத் தொடைக்கு."

துணியை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினாள். "எத்தன நாளுன்னு கேட்டீயளா?"

"கேக்கல. தைரியம் இல்ல."

"நல்லதுதான். எனக்கும் தெரிய வேண்டாம்" என்றாள். பிறகு என் சட்டைப் பித்தானைப் பார்த்தாள். வியாழக்கிழமையிலிருந்து ஒன்று மாற்றித்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன். அவள் இல்லாமல் எனக்கு ஒரு காட்சியும் தெரியாது.

ஜூன் 17, திங்கள்

வடிவிடம் கோமதியே போனில் பேசினாள். "உங்க அப்பா சொன்னா இழவு வீட்டு மாரி இருக்கும், நான் சொல்லுதேன் கேளு" என்று ஆரம்பித்தாள். நான் கூடத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நான் காரைத் தொலைத்ததையும் முள்ளங்கி வாங்கி வந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பக்கம் வடிவு அழுதது கேட்டது, பிறகு சிரித்ததும் கேட்டது. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு அது பதினோரு படத்திலும் சரியாக வரவில்லை.

அடுத்த வாரம் வடிவு லீவு போட்டுவிட்டு வருகிறாள்.

தண்ணீர் லாரி வந்தது.

ஜூன் 24, திங்கள்

கோமதி பிடிவாதமாக அனுப்பி வைத்ததால் ஹீரோவிடம் செகண்ட் ஹாஃப் சொல்லிவிட்டு வந்தேன். 'நாளைக்கும் வருவியளா' என்ற இடத்தில் அந்தப் பையன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினான். இந்த வரி யாருடையது என்று கேட்டான். வீட்டம்மாவுடையது என்று சொன்னேன். ஜெபராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படப்பிடிப்பு தீபாவளிக்கு அப்புறம் இருக்கட்டும் சார், முதலில் அம்மாவைப் பாருங்கள் என்றார். வடிவு வந்துவிட்டாள், என் சாம்பாருக்கு விடுதலை.

கோமதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் அழுதானா, சிரிச்சானா? சரியாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஜூலை 3, புதன்

இன்று முதல் கீமோ. காலையிலேயே எழுந்து ஃபிளாஸ்க், போர்வை, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பையில் வைத்தேன். வடிவு முன்னால் போய்க் காரில் ஏசி போட்டு வைத்திருந்தாள். கோமதி நீலச் சேலை கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். போகலாமா என்றேன். எழுந்திருக்கவில்லை.

வழியில் சொல்வதற்கென்று நேற்று முழுக்க நாலைந்து யோசித்து வைத்திருந்தேன். இதுதான் நேரமென்று முதலாவதை எடுத்தேன். பாதி வார்த்தைதான் வந்திருக்கும், அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னைக்கு என்னயச் சிரிக்க வைக்காதீய. கொஞ்சம் அழணும் போல இருக்கு. ஒண்ணும் பேசாம பக்கத்துல இருங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு நாளில் அவள் என் முன்னால் அழுததே இல்லை. நான் விட்டதில்லை. கண் கலங்கத் தொடங்கும்போதே எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன், அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதாள். சத்தம் போட்டு, குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக அழுதாள். வாய் வரை வந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வடிவு ஒரு தடவை ஹாரன் அடித்தாள். அப்புறம் அடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரி, என்னமோ சொல்ல வந்தீயளே. இப்பச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவள் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழுங்க, பரவாயில்ல, கார் நிக்கும்" என்றாள்.